ஜன்னலுக்கு வெளிய நின்னுட்டு திரும்பி வந்த நியோ

போன இதழ்ல ஒரு வாசகருக்கு பதில் சொல்லும்போது, 1999ல வந்த மேட்ரிக்ஸ் படத்து நியோதான் சயின்ஸ் ஃபிக்ஷன் ஹீரோக்கள்லயே எனக்கு ரொம்ப நெருக்கமானவன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. சண்டை போட்டவங்களும் நிறைய பேரு. அதனால இந்த தடவை பக்கம் பூரா அதுக்கே. படம் பாக்காதவங்களுக்கு ரெண்டு வரி: அந்தக் கதையில மனுஷங்க நிஜம்னு நினைச்சு வாழற உலகமே மெஷினுங்க அவங்க மூளைக்குள்ள ஓட்டுற பொய், அதுக்குப் பேருதான் மேட்ரிக்ஸ். அதுல இருந்து தப்பிச்சு நிஜ உலகத்துல ஒரு கப்பல்ல வாழற சின்னக் கூட்டத்துக்குத் தலைவர் மார்ஃபியஸ், அவரு நியோவைத் தேடி வர்றதுதான் ஆரம்பம்.

சார், உங்க பதிலைப் படிச்சிட்டு படத்தை மறுபடி பாத்தேன். நியோ முக்கால்வாசி படத்துக்கு என்ன சார் செய்றான்? போன் வந்தா எடுக்குறான், ஏறுன்னா கார்ல ஏறுறான், முழுங்குன்னா மாத்திரைய முழுங்குறான், படுன்னா சேர்ல படுக்குறான். ஓடுறது பறக்கறது எல்லாம் மத்தவங்கதான். சொன்னதைச் செய்றவன் எப்படி ஹீரோ?
_கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்_

நீங்க போட்ட லிஸ்ட் பூராவும் சரிம்மா, இன்னும் சொல்லப்போனா ரெண்டு மூணை விட்டுட்டீங்க. படத்துல அவனை நாம மொதல்ல பாக்கும்போது கம்ப்யூட்டர் முன்னாடி தூங்கிட்டு இருக்கான், ஸ்க்ரீன்ல எழுத்து ஓடி முழிச்சுக்கோங்குது, முழிக்கிறான். வெள்ளை முயல் பின்னாடி போன்னு வருது. அப்ப கதவைத் தட்டின கூட்டம் வெளிய வர்றியான்னு கூப்பிடுது, நாளைக்கு வேலை இருக்குன்னு மறுக்கத்தான் பாக்குறான், அந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணோட தோள்ல வெள்ளை முயல் பச்சை குத்தியிருக்கறதைப் பாத்ததும் சரி வரேன்னு கிளம்பிடுறான். மறுநாள் ஆபீஸுக்கு லேட். இனிமே நேரத்துக்கு வர்றதா வேற வேலை தேடிக்கறதா ரெண்டுல ஒண்ணை நீயே தேர்ந்தெடுத்துக்கோங்கற மாதிரி மேனேஜர் பேசுறாரு, இவன் நல்ல புள்ளையா கேட்டுட்டு வெளிய வர்றான். உண்மையைப் பாக்க சிவப்பு மாத்திரை, பழைய வாழ்க்கைக்கே திரும்ப நீல மாத்திரைன்னு மார்ஃபியஸ் நீட்டறதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே "தேர்ந்தெடு"ங்கற வார்த்தை அந்த ஆளு வாய்ல இருந்து வந்துடுது, அதுவும் மிரட்டலா. தினம் நமக்குக் கிடைக்கற சாய்ஸ்ல பாதி இந்த ரகம்தானே.

இப்ப அதுக்கு அடுத்த சீனை நீங்க இன்னொரு தடவை பாக்கணும். கூரியர்ல ஒரு போன் வருது, கவரைப் பிரிச்சு கையில எடுத்ததும் அடிக்குது. பேசறது மார்ஃபியஸ். அவனைப் பிடிக்க மேட்ரிக்ஸுக்குக் காவலா இருக்கற ஏஜென்ட்டுங்க வந்தாச்சு, நான் சொல்ற மாதிரி செய்ங்கறாரு. குனிஞ்சு அடுத்த தடுப்புக்குப் போ, இப்ப நகரு, நேரா போய் கடைசி ரூமுக்குள்ள நுழைங்கறாரு, எல்லாத்தையும் அப்படியே செய்றான். அப்புறம் ஜன்னலைத் திற, வெளிய விளிம்புல நடந்து போனா சாரம் இருக்கு, அதுல ஏறி மாடிக்குப் போங்கறாரு. வெளிய காலை வைக்கிறான். கீழ பாத்தா ரோடு அத்தனை ஆழத்துல இருக்கு, காத்து சட்டையைப் பிடிச்சு இழுக்குது, எனக்கு ஏன் இதெல்லாம் நடக்குது, நான் என்ன பண்ணேன், நான் ஒரு ஆளே இல்லையேன்னு அவனுக்கு அவனே புலம்பிக்கிறான். போன் கை நழுவி விழுது. என்னால முடியாதுன்னுட்டு திரும்பிடுறான். அடுத்த ஷாட்ல அவனை ஏஜென்ட்டுங்க கார்ல ஏத்துறாங்க.

முதல் தடவை பாத்தப்ப எனக்கு இது ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, என்னடா ஹீரோ பயந்துட்டானேன்னு. பின்னாடிதான் புரிஞ்சுது, படத்துல அவன் முதல் தடவையா "மாட்டேன்"னு சொல்ற இடம் அது. பயத்துலதான் சொல்றான், இருந்தாலும் அவன் சொல்றான். அதுக்கப்புறம் விசாரணை ரூம், ஏஜென்ட் ஸ்மித் தடியான ஃபைலைப் புரட்டிட்டு, பழசையெல்லாம் அழிச்சுடுறோம், மார்ஃபியஸைப் பிடிக்க ஒத்துழைங்குறாரு. அங்கயும் மாட்டேன்னு நடுவிரலைக் காட்டுறான். மார்ஃபியஸ் சொன்னதுக்கும் மாட்டேன், அவருக்கு எதிரியா நிக்கறவங்க சொன்னதுக்கும் மாட்டேன், ரெண்டும் கொஞ்ச நேரத்துக்குள்ள. வெறும் தலையாட்டி பொம்மையா இருந்தா ரெண்டு இடத்துலயும் சரின்னுல்ல சொல்லியிருக்கணும்? என்ன வேணும்னு அவனுக்கு இன்னும் தெரியல, என்ன வேணாம்னு மட்டும் தெரிய ஆரம்பிச்சிருக்கு. தேர்ந்தெடுக்கற பழக்கம் மனுஷங்களுக்கு அப்படித்தான் வரும்னு நான் நினைக்கிறேன். சின்னக் குழந்தைங்க கூட "மாட்டேன்"னு சொல்ல சீக்கிரமே கத்துக்குதே.

அப்புறம் பாலத்துக்கு அடியில அந்த கார். மழை. முன்சீட்ல இருந்து மார்ஃபியஸ் கூட்டத்துல ஒருத்தியான ஸ்விட்ச்ங்கறவ துப்பாக்கியை நீட்டி, நாங்க சொல்றபடி இரு, இல்லன்னா இறங்கிப் போங்குறா. இவன் கதவைத் திறந்து இறங்கவே போயிடுறான். அதே கூட்டத்து ட்ரினிட்டி அவனைப் பிடிச்சு இழுக்கல, பயமுறுத்தல. அந்த ரோடு உனக்குத் தெரிஞ்ச ரோடுதான், அது எங்க போய் முடியும்னும் தெரியும், அங்க இருக்க உனக்கு ஆசை இல்லங்கறது எனக்கும் தெரியும், அவ்ளோதான் சொல்றா. அவன் அந்தத் தெருவைப் பாக்குறான், இருட்டும் மழைத்தண்ணியும்தான் இருக்கு. திரும்பி உள்ள உக்காருறான். எல்லாரும் மாத்திரை சீனைத்தான் பெருசா பேசுறாங்க. எனக்கு நியோவோட முதல் நிஜமான முடிவு இந்தக் கார்லதான்.

இன்னொண்ணு. இந்தக் கதையில மொத்த மனுஷ ஜாதியுமே ட்யூபை மாட்டிக்கிட்டு தொட்டிக்குள்ள படுத்துக்கிடக்கு, மெஷினுங்க அதுங்க உடம்புல இருந்து கரன்ட் எடுக்குது. கதை எடுத்துக்கிட்ட விஷயமே செயலில்லாம கிடக்கறதுதான். அப்படி இருக்கறப்ப ஹீரோ மட்டும் முதல் சீன்லயே நாலு பேரைத் தூக்கிப் போட்டு அடிச்சுக்கிட்டு வந்தா, அவன் எங்க இருந்து எங்க வந்து சேந்தான்னு நமக்கு எப்படித் தெரியும்? தொட்டியில கிடக்கறவங்கள்ல ஒருத்தனாத்தான் அவன் ஆரம்பிச்சாகணும். அவன் சும்மா இருக்கற ஒவ்வொரு நிமிஷமும் பின்னாடி வர்ற ஒரே ஒரு முடிவுக்காக சேத்து வைக்கறதுன்னு பாருங்க, அந்த முடிவைப் பத்தி கீழ இன்னொருத்தர் கேட்டிருக்காரு.

என்னன்னே தெரியாம ஒரு மாத்திரைய முழுங்கினது எப்படி சுதந்திரமான முடிவாகும்? மார்ஃபியஸ் பாதி விஷயத்தை மறைச்சுட்டாருன்னு எனக்குத் தோணுது.
_வங்கி ஊழியர், சேலம்_

எனக்கும் தோணுது. உண்மையைத் தர்றேன், அதுக்கு மேல எதுவும் தரலன்னு அவரு சொல்றது நேர்மைதான். ஆனா அந்த உண்மையோட விலையா குளிர்ற கப்பல், கஞ்சி மாதிரி ஒரு சாப்பாடு, வாழ்நாள் பூரா துரத்தல் இருக்குன்னு சொல்லவே இல்ல. நிஜத்தைப் பாத்த அதிர்ச்சியில நியோ வாந்தி எடுத்து மயங்கி விழுறான். அப்புறம் படுக்கையில இருந்தபடி, இனி திரும்பிப் போக முடியாதுல்லன்னு கேக்குறான். மார்ஃபியஸ் அங்க மன்னிப்பு கேக்குறாரு, கவனிச்சிருப்பீங்க, குறிப்பிட்ட வயசைத் தாண்டினவங்களை நாங்க வெளிய எடுக்கறதில்ல, அது ஆபத்து, உன் விஷயத்துல அதை மீறிட்டேன்னு சொல்றாரு. தப்பு நடந்திருக்குன்னு படமே ஒத்துக்குது.

எங்கப்பாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அவசர ஆபரேஷன்னு சொல்லி ஒரு பேப்பரை நீட்டினாங்க, இங்கிலீஷ்ல மூணு பக்கம், ஒரு வரி கூட மண்டையில ஏறல, கை நடுங்க கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கு நான் எதையும் தேர்ந்தெடுக்கல சார், எனக்கு வேற வழி தெரியல அவ்ளோதான். அதுக்கப்புறம் எட்டு மாசம், தினம் காலைல அவரைத் தூக்கி உக்கார வெச்சு முதுகைத் தொடைச்சு விடும்போது, இன்னைக்கும் நான்தான் செய்யணும்னு ஒவ்வொரு நாளும் முடிவு பண்ண வேண்டியிருந்துச்சு. நியோ மாத்திரை முழுங்கறதை நான் அந்தக் கையெழுத்து மாதிரிதான் பாக்குறேன். கதவு வேணா அங்க திறந்திருக்கலாம், முடிவெல்லாம் அதுக்கு அப்புறம்தான் வருது.

அண்ணா, மேட்ரிக்ஸுக்கே திரும்பிப் போறதுக்காக மார்ஃபியஸ் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்த சைஃபர் மேல எல்லாரும் கோவப்படுறாங்க, ஆனா அவனும் தேர்ந்தெடுக்கத்தானே செஞ்சான்? பொய்யா இருந்தாலும் நல்ல சாப்பாடு போதும்னு முடிவு பண்றது ஒருத்தனோட உரிமை இல்லையா?
_ஐடி துறையில இருக்கற வாசகர், சென்னை_

தம்பி, அவன் பேசறதுல பாதி நியாயம்தான், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஒன்பது வருஷம் அந்தக் கப்பல்ல இருந்துட்டு, இதையா சுதந்திரம்ங்கறீங்க, மார்ஃபியஸ் சொல்றதைச் செய்றதைத் தவிர நான் வேற என்ன செஞ்சேன்னு கேக்குறான் பாருங்க, படத்துல வேற யாரும் கேக்கத் துணியாத கேள்வி அது. கோயம்புத்தூர் மாணவி நியோவைப் பத்திக் கேட்டதையே அவன் தன்னைப் பத்திக் கேட்டுக்கிறான். ஸ்டேக் துண்டை ஃபோர்க்ல குத்தி கண்ணு முன்னாடி தூக்கிப் பிடிச்சு, இது நிஜமில்லன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிட்டே வாய்ல போடுற அந்த சீன்ல அவன் முகத்தைப் பாத்தா பாவமாத்தான் இருக்கும்.

ஆனா அவன் என்ன கேட்டு வாங்குறான்னு பாருங்க. திரும்பப் போனதும் எனக்கு எதுவுமே ஞாபகம் இருக்கக் கூடாது, ஒண்ணுமேங்கறான். நான் ஒரு முடிவு எடுத்தேங்கறதே எனக்குத் தெரியக் கூடாதுன்னு கேக்குற முடிவு அது, இனிமே தேர்ந்தெடுக்கற தொல்லையே வேணாம்னு கடைசியா ஒரு தடவை தேர்ந்தெடுக்கறான். அதுகூட அவன் பாடுன்னு விட்டுடலாம். விலையை யாரு கொடுத்தா? கப்பல்ல கூட இருந்த டோஸர் சுடப்பட்டு செத்தான். ஏபாக், ஸ்விட்ச் ரெண்டு பேரும் மனசு மேட்ரிக்ஸுக்குள்ள இருக்க, உடம்பு சேர்ல படுத்திருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி விட்டுட்டான், அப்படிப் பிடுங்கினா உயிர் போயிடும். தனக்கு என்ன நடக்கப் போவுதுன்னு தெரிஞ்சு, இப்படி இல்ல, இப்படி வேணாம்னு ஸ்விட்ச் சொல்றா பாருங்க, அந்த ஒரு நொடிக்காக என்னால அவனை மன்னிக்க முடியல. எதிர்த்து ஒண்ணும் செய்ய முடியாம படுத்திருக்கறவங்களைக் கொன்னவன் உரிமையைப் பத்திப் பேசக் கூடாது தம்பி.

வருங்காலம் சொல்ற ஆரக்கிள் நியோகிட்ட, மனுஷங்களை விடுவிக்க வருவான்னு மார்ஃபியஸ் நம்புற அந்த ஆள் நீ இல்லன்னு சொல்றாங்க, கடைசியில அவன்தான் அந்த ஆள்னு ஆவுது. அப்ப அந்தம்மா பொய் சொல்லிட்டாங்களா? எல்லாத்தையும் முன்னாடியே தெரிஞ்ச ஒருத்தங்க இருக்கும்போது இவன் முடிவுக்கு என்ன மதிப்பு?
_ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்_

ஐயா, உங்க கேள்விக்காகவே அந்த சமையக்கட்டு சீனை நேத்து ராத்திரி நாலு தடவை ஓட விட்டுப் பாத்தேன்.

உள்ள நுழைஞ்சதுமே ஓவன்ல குக்கீஸ் வேகுது. குளோரியா ஃபாஸ்டர் அந்த வேஷத்துல ஒரு பக்கத்து வீட்டு பாட்டி மாதிரி இருப்பாங்க, சிகரெட் பிடிச்சுக்கிட்டே பேசுவாங்க. அந்த ஜாடியைப் பத்திக் கவலைப்படாதேங்கறாங்க, எந்த ஜாடின்னு இவன் திரும்புறான், கை பட்டு ஜாடி விழுந்து உடையுது. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா, நான் சொல்லாம இருந்திருந்தா நீ அதை உடைச்சிருப்பியா, அதுதான் பின்னாடி உன் மண்டையைக் குடையப் போவுதுங்கறாங்க. நீங்க கேட்ட கேள்வி பூராவும் அந்த ஜாடிக்குள்ள இருக்கு ஐயா.

இப்ப பொய் விஷயம். நல்லா கவனிச்சீங்கன்னா நான் அந்த ஆள் இல்லங்கற வாக்கியத்தைச் சொல்றது நியோதான், அந்தம்மா கண்ணைப் பாத்து, வாயைப் பாத்து, உள்ளங்கையைப் பாத்துட்டு, நான் என்ன சொல்லப் போறேன்னு உனக்கே தெரியுமேன்னு அவனைச் சொல்ல வெக்கிறாங்க. சொன்னதுக்கப்புறம் ஸாரிப்பாங்குறாங்க. திறமை இருக்கு, ஆனா எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கேங்குறாங்க. காத்துக்கிட்டு இருக்கான்! மாணவி பிடிச்ச அதே குறை. அப்புறம்தான் முக்கியமான விஷயம் வருது, மார்ஃபியஸ் உன்னைக் கண்ணை மூடிக்கிட்டு நம்புறாரு, உனக்காக உயிரையே கொடுக்கப் போவாரு, ஒரு கட்டத்துல அவரு உயிரா உன் உயிரான்னு வரும், யாருன்னு நீதான் முடிவு பண்ணணும்னு சொல்லி கையில ஒரு குக்கீயைக் கொடுத்து அனுப்புறாங்க.

நீதான் உலகத்தைக் காப்பாத்த வந்தவன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மார்ஃபியஸ் மாட்டிக்கிட்டதும், நான்தானே அந்த ஆளு, எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு போயிருப்பான். இல்ல நான் செத்துட்டா எல்லாமே போச்சேன்னு போகாமலே இருந்திருப்பான். எப்படியும் அடுத்தவங்க எழுதிக் கொடுத்த வேஷத்தைத்தான் கட்டியிருப்பான். இப்ப அவன் நிலைமை வேற. படம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடினப்புறம், தப்பிச்ச மனுஷங்க வாழற சீயோன் நகரத்தோட ரகசியக் குறியீடு எதிரி கைக்குப் போயிடக் கூடாதுன்னு மார்ஃபியஸோட பிளக்கைப் பிடுங்க கப்பல்ல இருக்கற டேங்க்ங்கறவன் கையை வெச்சாச்சு, கண்ணுல தண்ணியோட விடை சொல்றான், அப்ப நியோ நிறுத்துங்கறான். நான் அந்த ஆள் இல்ல, ஆரக்கிளே சொல்லிட்டாங்க, இருந்தாலும் நான் உள்ள போய் அவரைக் கூட்டிட்டு வரேங்கறான். போனா சாவுன்னுதான் அவன் நம்புறான். யாரும் போன்னு சொல்லல, போனா ஜெயிப்பேன்னு எந்த வாக்கும் இல்ல. விளிம்புல நின்னு நான் ஒரு ஆளே இல்லையேன்னு சொல்லி திரும்பி வந்தான் பாருங்க, அதே வார்த்தையைத்தான் இங்கயும் சொல்றான், நான் சாதாரண ஆளுன்னு. அன்னைக்குப் போகாம இருக்க அது காரணமா இருந்துச்சு, இன்னைக்கு அது தெரிஞ்சும் போறான். இதை எழுதும்போதே எனக்கு மயிர்க்கூச்செறியுது ஐயா.

அதனால அந்தம்மா பொய் சொன்னாங்களான்னு கேட்டா, அன்னைக்கு அவன் அந்த ஆள் இல்லங்கறது நிஜம்தான். இந்த முடிவை எடுத்ததுக்கு அப்புறம்தான் அவன் அந்த ஆளா ஆகுறான். எல்லாம் முன்னாடியே தெரியுமாங்கற உங்க ரெண்டாவது பாதிக்கு கடைசிக் கேள்வியில பதில் இருக்கு.

நியோவை விட சும்மா இருக்கற ஹீரோ யாராவது உண்டா?
_ஒரு வாசகி, திருச்சி_

உண்டு. 1982ல வந்த பிளேட் ரன்னர்ல டெக்கார்ட், ஹாரிசன் ஃபோர்டு பண்ணது. தப்பிச்சு வந்த செயற்கை மனுஷங்களைத் தேடிக் கொல்ற வேலையை விட்டுட்டு வந்தவனை பழைய மேலதிகாரி கூப்பிட்டு மிரட்டுறாரு, எனக்கு வேற வழி இல்லையான்னு கேக்குறான், இல்லங்கறாரு, அதோட சரி. அப்படித் தப்பிச்சவள்ல ஒருத்தியான சோரா கண்ணாடிக் கதவுகளை உடைச்சுக்கிட்டு ஓடும்போது முதுகுல சுடுறான். தப்பிச்ச இன்னொருத்தன் லியான்கிட்ட சாகக் கிடக்கும்போது, அவன் மனசு போன ரேச்சல் சுட்டுக் காப்பாத்துறா. கடைசியில கூரை விளிம்புல தொங்கிட்டு கை வழுக்கும்போது அவனைப் பிடிச்சுத் தூக்கறதே அவன் கொல்ல வந்த ராய். நாலு வருஷ ஆயுசோட செய்யப்பட்ட செயற்கை மனுஷன், சாகப் போற நிமிஷத்துல எதிரியைக் காப்பாத்தலாம்னு தானா முடிவு பண்றான். அந்தப் படத்துல சுதந்திரமா ஒரு காரியம் செய்றது ராய்தான், டெக்கார்ட் நனைஞ்சு போய் உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கான். அப்புறம் வீட்டுக்குப் போய் ரேச்சலைக் கூட்டிக்கிட்டு கிளம்புறான் இல்லையா, அந்த ஒண்ணுதான் அவனோட சொந்த முடிவு, அதையும் அவன் ராய்கிட்ட இருந்து கத்துக்கிட்டதா எனக்குத் தோணும்.

மூணாவது பாகத்துல நியோ கடைசியில சண்டையை நிறுத்திட்டு ஸ்மித்கிட்ட தன்னை விட்டுக்கொடுத்துடுறானே, ஆரம்பத்துல இருந்த அதே செயலில்லாத நியோதானே திரும்பி வந்துட்டான்?
_மதுரை வாசகர்_

வந்த கடிதங்கள்லயே இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நேரம் உக்கார வெச்சுது. 2003ல ரெண்டு பாகம் வந்துச்சு. ரெண்டாவதுல மேட்ரிக்ஸை உருவாக்கின ஆர்க்கிடெக்ட் அவன்கிட்ட ரெண்டு கதவைக் காட்டுறாரு. உனக்கு முன்னாடி அஞ்சு பேரு வந்தாங்க, எல்லாரும் சீயோனை மறுபடி உருவாக்கற கதவு வழியாத்தான் போனாங்கங்குறாரு. தேர்ந்தெடுக்கற மாதிரியான ஒரு உணர்வு மட்டும் இருந்தா போதும், நூத்துக்கு தொண்ணூத்தொம்பது பேரு மேட்ரிக்ஸை ஏத்துக்குவாங்கங்கறதும் அவரு சொல்றதுதான். இவன் தான் காதலிக்கற ட்ரினிட்டி இருக்கற கதவு வழியா போறான். கணக்கு அங்கேயே உடையுது.

மூணாவதுல மழை கொட்டுது, பள்ளத்துக்குள்ள விழுந்து கிடக்கான். ஏன் திரும்பத் திரும்ப எந்திரிக்கிற, எதுக்காகன்னு, இப்ப மெஷினுங்க கட்டுப்பாட்டையும் மீறிட்ட ஸ்மித் கேக்குறான். நான் தேர்ந்தெடுத்தேன், அதனாலங்கறான். சரி, எந்திரிச்சு அடிக்கிறான், அதுவும் முடியல. அப்புறம் ஒரு இடத்துல அடிக்கறதை நிறுத்திட்டு, நீ சொன்னது சரிதான்னு நின்னுடுறான், ஸ்மித் கையை அவன் உடம்புக்குள்ள விடுறான், கறுப்பு அப்படியே மூடுது. நீங்க சொல்ற மாதிரி வெளிய இருந்து பாத்தா நியோங்கற பேருக்கு முன்னாடி ஆபீஸ்ல தலையாட்டின ஆண்டர்சன்தான் அது. ஆனா மெஷினுங்களோட ஊருக்கு கண்ணு போன நிலைமையில தானா போய், ஸ்மித்தை நான் நிறுத்துறேன், நீங்க போரை நிறுத்துங்கன்னு பேரம் பேசினது அவன். சண்டையால நிறுத்த முடியாதுன்னு தெரிஞ்சதும் தன்னையே அந்த மெஷினுங்களுக்கும் ஸ்மித்துக்கும் நடுவுல வழியாக்கிக் கொடுக்கறதும் அவன்தான். கையைத் தொங்கப் போட்டு நிக்கற அதே உடம்புதான், ஆனா இந்த தடவை நிக்கச் சொன்னது வேற யாரும் இல்ல. அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் மூணு படம்னு நான் நம்புறேன். மூணாவது பாகம் நல்லா இல்லன்னு நிறைய பேரு சொல்லுவாங்க, சீயோன் சண்டை நீளம்தான், அதுல எனக்கும் மாத்துக் கருத்தில்ல, இந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தஞ்சாவூர் ஐயா, உங்க மிச்சக் கேள்வி. கடைசி சீன்ல சூரியன் வருது, பார்க் பெஞ்ச்ல ஆரக்கிள் உக்காந்திருக்காங்க. குளோரியா ஃபாஸ்டர் 2001ல இறந்துட்டதால மேரி ஆலிஸ் நடிச்சிருப்பாங்க. காவலுக்கு இருக்கற செராஃப் அவங்ககிட்ட, இது இப்படித்தான் முடியும்னு உங்களுக்கு எப்பவும் தெரியுமான்னு கேக்குறாரு. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, இல்லவே இல்ல, எனக்குத் தெரியாது, ஆனா நம்பினேன்னு சொல்றாங்க.